இருவகை மௌனம்



நமது சங்கங்களில் ஞாயிறுதோறும் நடைபெறும் கூட்டங்களைக் கவனித்தால் ஒரு வழக்கம் புலப்படும். திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்தபின், எழுந்து நின்று கணீரென்று பேசுகிறவர் எவரோ அவரே தம்மம் அறிந்தவர் என்று மதிக்கப்படுகிறார். புத்த பூர்ணிமைக்கும், அக்டோபர் 14ஆம் நாள் தம்மதீட்சை விழாவுக்கும் குழு அமைக்கும்போது முதலில் தேடப்படுகிறவர் மேடையில் முழங்கத்தக்கவரே. பின்வரிசையில் அமர்ந்து, ஒரு சொல்லும் சொல்லாது கேட்டிருந்து, கூட்டம் கலைந்தபின் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு வீடு திரும்புகிறவர் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். அவரைப் பற்றிக் கேட்டால், "நல்ல மனிதர்தாம், ஆனால் எதற்கும் உதவமாட்டார்" என்று விடை வரும்.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதைதான். பெண்மகவு பேசாதிருப்பின் அடக்கமுடையவள் என்று புகழ்கின்றனர். ஆண்மகவு அவ்விதமிருப்பின் பயங்கொள்ளி என்று இகழ்கின்றனர். இயல்பு ஒன்றே, பெயர்தான் இரண்டு! பள்ளி ஆசிரியர், 'வகுப்பில் வாய் திறப்பதில்லை' என்று குறிப்பெழுதி அனுப்பினால் பெற்றோர் கலங்கி நம்மிடம் வருகின்றனர். படித்து முடித்து உத்தியோகம் தேடும் இளைஞரைப் பலர் நடுவே விவாதிக்கச் செய்து, முந்திக்கொண்டு பேசியவரைத் தெரிந்தெடுக்கும் முறை பல கம்பெனிகளில் இருந்து வருகிறது. உலகம் பேசுவோர் பக்கம் சாய்ந்திருக்கிறது. பகவான் வகுத்த நெறியும் அப்பக்கம் சாய்ந்ததுதானா என்பதே இன்றைய பாடம்.

மாந்தரின் இவ்விரு இயல்புகளை உளநூலாரும் ஆராய்ந்திருக்கின்றனர். சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் கார்ல் யுங் என்பார் 1921இல் வெளியிட்ட நூலில், மனத்தின் ஊக்கம் உள்நோக்கிச் செல்வோர், வெளிநோக்கிச் செல்வோர் என்று பிரித்துக் காட்டினார். முன்னவரை அகமுகர் என்றும் பின்னவரைப் புறமுகர் என்றும் தமிழில் வழங்கலாம். அகமுகராயிருத்தல் நோயன்று. அது கூச்சமும் அன்று. கூச்சமாவது, பிறர் நம்மை என்ன நினைப்பரோ என்னும் அச்சம். அகமுகர்க்கு அத்தகைய அச்சம் சிறிதும் இல்லாதிருக்கலாம். கூட்டத்தில் நெடுநேரம் இருந்தால் களைப்படைவார், தனித்திருந்தால் தெளிவடைவார், அவ்வளவே. மேலும் முழு அகமுகரும் முழுப் புறமுகரும் அரியர். நம்மில் பெரும்பாலோர் இடையில் எங்கோ நிற்பவர்கள்தாம்.

இனித் திரிபிடகத்துக்கு வருவோம். மௌனத்தைப் பற்றிய இரண்டு வரலாறுகள் அங்கே உள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர் சிலரே. படித்தால் வியப்படையாமல் இருக்கவியலாது.

முதல் வரலாறு மஜ்ஜிம நிகாயத்தில் உள்ளது. நாதிகை என்னும் ஊரின் அருகே கோசிங்க சாலவனத்தில் அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூன்று தேரர்கள் வசித்து வந்தனர். அவர்களைக் காணச் சென்ற பகவான், இணக்கமாக வாழ்கிறீர்களா என்று வினவினார். அனுருத்தர் தம் வாழ்க்கைமுறையை விவரித்தார். பிச்சையேற்று முதலில் திரும்புகிறவர் ஆசனங்களை இட்டு, குடிநீரும் கைகால் கழுவும் நீரும் எடுத்து வைப்பார். கடைசியில் வருகிறவர் மிச்சமிருப்பதை உண்டு, இடத்தைப் பெருக்கித் துப்புரவு செய்வார். எந்தக் குடமேனும் வெறுமையாயிருக்கக் கண்டவர் அதை நிரப்புவார். தனியே தூக்கவியலாததாயின் கையசைத்து இன்னொருவரை அழைப்பார்; இருவரும் கைகோத்துத் தூக்குவர்; அதற்காக வாய் திறவார். இவ்வாறு நாள்கள் கழியும். இதைக் கேட்டுப் பகவான் மகிழ்ந்து பாராட்டினார்.

இரண்டாவது வரலாறு வினயபிடகத்தில் மகாவக்கத்தில் உள்ளது. கோசல நாட்டில் சில பிக்குகள் மழைக்காலத்தை ஒன்றாகக் கழித்தனர். சச்சரவின்றி வாழ வழி யாது என்று ஆலோசித்து, ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று முடிவு செய்தனர். முதலில் வருகிறவர் ஆசனமிடுதல், கடைசியில் வருகிறவர் பெருக்குதல், வெறுங்குடம் நிரப்புதல், கைச்சாடை காட்டுதல் என எல்லாம் அனுருத்தர் கூறிய அதே முறைதான். மூன்று திங்கள் கழித்துச் சாவத்தி நகரின் ஜேதவனத்துக்கு வந்து பகவானிடம் பெருமையோடு தெரிவித்தனர். பகவான் பாராட்டினாரில்லை. கால்நடைகள் ஒன்றாயிருப்பதுபோல, ஆடுகள் ஒன்றாயிருப்பதுபோல, பகைவர் ஒன்றாயிருப்பதுபோல வாழ்ந்துவிட்டு, சுகமாக வாழ்ந்தோம் என்கிறீர்களே என்று கடிந்துகொண்டார். ஊமை விரதம் பிற சமயத்தாரின் வழக்கம், நம் பிக்குகள் அதை மேற்கொள்ளலாகாது என்று விதித்தார்.

ஒரே குடம், ஒரே கைச்சாடை, ஒரே வாய்மூடல். ஒன்றைப் புகழ்ந்தவர் மற்றதை ஏன் கண்டித்தார்? அனுருத்தர் சொன்னவற்றுள் கோசலத்துப் பிக்குகளிடம் இல்லாதவை இரண்டு. தம் உள்ளத்தின் விருப்பை ஒதுக்கி வைத்து மற்றிருவர் உள்ளத்தின்படி நடப்பதாக அவர் கூறினார். உடலாலும் வாக்காலும் மனத்தாலும் அவர்பால் அன்பு செலுத்துவதாகக் கூறினார். இது ஒன்று. ஐந்து நாளுக்கு ஒருமுறை மூவரும் இராமுழுதும் அமர்ந்து தம்மத்தைப் பேசுவோம் என்றார். இது மற்றொன்று. அவர்களுடைய மௌனத்தின் உள்ளே அன்பு இருந்தது, அதன் முடிவில் பேச்சு இருந்தது. கோசலத்துப் பிக்குகளோ சச்சரவுக்கு அஞ்சி வாயை மூடினர். அன்று பகவான் வகுத்ததுதான் பவாரணை. மழைக்கால முடிவில் ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின் முன் அமர்ந்து, என்னிடம் நீங்கள் கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ ஏதேனும் குற்றமிருப்பின் இரக்கத்தோடு எடுத்துக் கூறுங்கள் என்று வேண்டிக்கொள்ளும் முறை அது. பேசாதாரைப் பேசவைக்க ஏற்பட்ட விதி என்று இதைச் சொன்னாலும் தவறாகாது.

பிக்குகள் கூடினால் தம்மத்தைப் பேசுக, அன்றேல் மேன்மையான மௌனம் காக்க என்பது பகவானின் கட்டளை. பாளியில் இது ஆரிய மௌனம் எனப்படும். (அச்சொல்லைக் கண்டு நம்மவர் முகம் சுளிக்க வேண்டுவதில்லை. பகவான் மொழியில் அது இனப்பெயர் அன்று. மேன்மை என்பதே பொருள்.) எண்ணங்களின் ஓட்டமும் ஆராய்ச்சியும் ஓய்ந்த இரண்டாம் தியான நிலையே ஆரிய மௌனம் என்று மொக்கல்லானர் விளக்கியிருக்கிறார். வெறுமனே உதட்டை மூடுதல் அந்நிலைக்கு அருகிலும் வராது.

மௌனம் இருவகை என்று தலைப்பிட்டோம். நம்மவர்க்கு இப்பிரிவு ஏட்டுச் செய்தி மட்டும் அன்று. 'கைகட்டி வாய்பொத்தி' என்னும் தொடரைத் தமிழர் இன்றும் சாதாரணமாக வழங்குகின்றனர். அது எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்ப்பவர் குறைவு. ஊர்ப்பெரியவர் என்று சொல்லிக்கொண்டோர் முன்னால் நம் முன்னோர் நின்ற கோலம் அது. தம் மூச்சுக் காற்றும் பட்டுவிடலாகாதென்று வாயைக் கையால் மூடி நின்றனர். அங்ஙனம் தலைமுறை தலைமுறையாக வாய் மூடப்பட்ட மக்களிடம் சென்று மௌனத்தின் சிறப்பைப் போதித்தால், பழைய விலங்கையே புதுப்பெயரிட்டுப் பூட்டுவதாகாதா என்று ஓர் இளைஞர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் அவருக்குச் சுனீதர் வரலாற்றைச் சொன்னோம்.

தேரகாதையில் சுனீதர் தம் வரலாற்றைத் தாமே பாடியிருக்கிறார். தாழ்ந்த குடியென ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்தவர்; வாடிய மலர்களை அள்ளிக் கொட்டும் துப்புரவுத் தொழிலாளி. எல்லாராலும் இகழப்பட்டு, எதிர்ப்பட்டோரையெல்லாம் தலைதாழ்த்தி வணங்கித் திரிந்தவர். ஒருநாள் மகதத்தின் தலைநகரில் பிக்குக் கூட்டத்தோடு வந்த பகவானைக் கண்டார். தோளிலிருந்த காவடியைக் கீழே போட்டுவிட்டு அருகே சென்றார். பகவான் அவர் பொருட்டு நின்றார். உலகமெல்லாம் விலகிப்போகச் சொன்ன ஒருவனுக்காக நின்றார் என்பதே முதல் உபதேசம் என்று நாம் கருதுகிறோம். துறவு வேண்டினார் சுனீதர். 'வா, பிக்குவே' என்று பகவான் ஏற்றார். அதன்பின் சுனீதர் செய்தது யாது? தனியே வனத்தில் தங்கி, சோம்பலின்றி, சொல்லியபடி பயின்று மெய்யுணர்வு பெற்றார். அவர் வாழ்க்கையில் மௌனம் இருமுறை வருகிறது. தெருவில் தலைகுனிந்து நின்ற மௌனம் பிறர் அவர்மேல் சுமத்தியது. வனத்தின் மௌனம் அவரே தேர்ந்துகொண்டது. முன்னதிலிருந்து பாட்டுப் பிறக்கவில்லை, பின்னதிலிருந்து பிறந்தது. அப்பாட்டு இரண்டாயிரம் ஆண்டு கடந்து நம் கைக்கு வந்திருக்கிறது.

ஆகவே ஒருவர் பேசாதிருக்கக் கண்டால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, இவர் வாயைப் பிறர் மூடினரா, இவரே அமைந்திருக்கிறாரா என்பதே. மூடப்பட்டிருப்பின் திறக்கத் துணை செய்ய வேண்டும். அமைந்திருப்பின் அவரிடம் என்ன இருக்கிறதென்று அறிய வேண்டும்.

அத்தகையோரிடம் இருப்பது முதலாவதாகக் கேள்விச் செல்வம். பகவானின் மாணாக்கரைப் பாளி மொழி சாவகர் என்கிறது. கேட்பவர் என்பதே அதன் பொருள். சுத்தங்களின் தொடக்கத்தில் 'இவ்வாறு நான் கேட்டேன்' என்றுதான் வருகிறது. கேட்டுக் காத்தவர் இல்லாவிடில் சொன்னவரின் சொல் காற்றோடு போயிருக்கும். வள்ளுவரும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். கேள்விக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். பயனில சொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். நம் மேடைக்காரர்கள் முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

மகாகஸ்ஸபரை எடுத்துக்கொள்வோம். வனவாசமே விரும்பியவர். முதுமை வந்துவிட்டது, கந்தை ஆடை கனமாயிருக்கிறது, என்னருகே வந்து தங்குக என்று பகவானே அழைத்தபோதும், தமக்கு அதுவே இன்பம் என்றும், பின்வரும் தலைமுறையினர்க்கு எடுத்துக்காட்டாகும் என்றும் சொல்லி வனத்திலேயே தங்கினார். பகவானின் பரிநிர்வாணத்துக்குப் பின் இராஜகிருகத்தில் 500 தேரர்கள் கூடிய முதல் சங்காயனத்துக்குத் தலைமை தாங்கியவர் யார்? இவர்தாம். தலைமை தாங்கி அவர் நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. கேள்விகள் கேட்டார். நாவிதர் குலத்தில் பிறந்த உபாலி தேரரிடம் வினயத்தைக் கேட்டார். ஆனந்தரிடம் தம்மத்தைக் கேட்டார். ஒவ்வொரு விதியும் எங்கே, யார் பொருட்டு, எதைப் பற்றி உரைக்கப்பட்டது என்று ஒழுங்காக வினவினார். கேட்கத் தெரிந்தவர் கையில் அந்தப் பெருங்காரியம் அமைந்தது.

தம்மபத உரையில் ஒரு சிறு கதையுண்டு. ஏகுதானர் என்பவர் ஒரு வனத்தில் வாழ்ந்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. உபோசத நாளில் அதை ஓதுவார். வனதேவதைகள் ஆரவாரித்துப் பாராட்டும். ஒருமுறை திரிபிடகம் கற்ற இரண்டு பெரும் புலவர்கள் தலைக்கு 500 மாணாக்கருடன் வந்து பிரசங்கித்தனர். வனம் சும்மாயிருந்தது. பின் ஏகுதானர் தம் ஒரு பாட்டை ஓதினார், வனம் ஆரவாரித்தது. தேவதைகள் ஓரவஞ்சனை செய்வதாக மாணாக்கர் பகவானிடம் முறையிட்டனராம்! தேவதைகளை நம்பவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கதையைக் கதையாகவே கொள்வோம். ஆயினும், மிகுதியாகப் பேசுவதால் ஒருவன் தம்மதரன் ஆகான், சிறிதே கேட்டிருந்தும் அதைத் தன் வாழ்வில் கண்டவனே தம்மதரன் என்று பகவான் விடையளித்ததாக உரை கூறுவதைக் கதையென்று தள்ள முடியாது.

நாம் நெசவாலையில் தறி ஓட்டிய காலத்தில் இதன் உண்மையைக் கண்ணால் கண்டோம். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே சமயத்தில் அடிக்கும் கொட்டகையில், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேளாது. உதட்டசைவும் கைச்சாடையுமே அங்கே மொழி. தறிச் சட்டத்தில் கைவைத்து, அதிர்ச்சி மாறியதைக் கொண்டே நாடா தடம் தவறப்போகிறதென்று அறிந்து தறியை நிறுத்துவோர் சிலர் இருந்தனர். அவர்கள் பெரும்பாலும் தேநீர் வேளையிலும் அதிகம் பேசாதவர்களே. அவர்களுள் ஒருவர் தம் சம்பளச் சீட்டுகளை மாதவாரியாக நூலில் கோத்துப் பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். மற்றவர் சிரித்தனர். ஆலை மூடப்பட்டபின் பணிக்கொடையில் தகராறு எழுந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி கிடைக்க வேண்டியிருந்தது. பத்லி ஆட்களாக உழைத்த தொடக்க ஆண்டுகள் கணக்கில் விடப்பட்டிருந்தன. வாயிற்கூட்டங்களில் முழங்கியவர்களுக்குக் குறைவில்லை. அவர்கள் முழக்கமும் வேண்டியதே, அஃதின்றி ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்ததற்குச் சான்று என்ன என்று தொழிலாளர் துறை அதிகாரி கேட்டபோது, மேசைமேல் வைக்கப்பட்டது அந்த டப்பாதான். அவருடைய சீட்டுகளைக் கொண்டு, அதே ஷிப்டில் உடனுழைத்த இன்னும் சிலருடைய ஆண்டுகளையும் நிறுவ முடிந்தது.

அங்குத்தர நிகாயத்தில் பகவான் மேகங்களை நான்காகப் பிரிக்கிறார். இடித்துப் பெய்யாதது, பெய்து இடியாதது, இரண்டும் செய்யாதது, இரண்டும் செய்வது. பேசிச் செய்யாதார், செய்து பேசாதார், இரண்டும் இல்லாதார், இரண்டும் உடையார் என்று மாந்தரையும் அவ்வாறே பிரிக்கிறார். இடியாது பெய்யும் மேகத்தை உழவர் எவரும் குறைகூறுவதில்லை. எனினும் நான்காம் வகை ஒன்று இருப்பதை மறவாதிருப்போம். பாபாசாகேப் அம்பேத்கர் அவ்வகையினர். 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று முழங்கியவர், 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் தீட்சை பெறும்வரை 21 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அவ்வாண்டுகளில் அரசியலிலும் சட்டத்திலும் ஓயாது போராடியவர், எந்த நெறியைக் கைக்கொள்வது என்பதை நூல்களின் நடுவே தனித்திருந்தும் ஆராய்ந்தார். சென்னையில் பேராசிரியராயிருந்த இலட்சுமி நரசு 1907இல் எழுதிய பௌத்த நூலைத் தேடி, தாமே முன்னுரை எழுதி 1948இல் மறுபடி வெளியிடச் செய்தார். நரசு 1934இலேயே மறைந்துவிட்டவர். ஒரு மனிதர் எழுதி வைத்ததை இன்னொரு மனிதர் தனியே இருந்து படித்தார். அதன் பயன் நாகபுரியில் இலட்சக்கணக்கானோரைச் சேர்ந்தது.

இவ்வளவு சொன்னதால், தனிமை விரும்பும் அன்பர்கள் தம்மைத் தாமே மெச்சிக்கொள்ள வேண்டாம். தேரர் என்ற பெயருடைய ஒரு பிக்கு தனியே வாழ்ந்து, தனியே பிச்சைக்குச் சென்று, தனிமையைப் புகழ்ந்தும் பேசித் திரிந்தார். பகவான் அவரை அழைத்து, அதுவும் ஒரு தனிமைதான், இல்லையென்று சொல்லேன், ஆனால் நிறைவான தனிமை எதுவென்று கேள் என்றார். கடந்ததைக் கைவிட்டு, வருவதைத் துறந்து, நிகழ்வதில் பற்றொழிந்திருப்பதே அது. நேற்றைய அவமதிப்பையும் நாளைய கவலையையும் மடியில் கட்டிக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்பவர் தனியாயில்லை; ஒரு சந்தையையே உள்ளே வைத்திருக்கிறார். அகமுகர்க்கு நேரக்கூடிய பெரிய கேடு இதுவே. இன்னொன்று, அநீதியைக் கண்டும் 'நமக்கேன்' என்று ஒதுங்குவது. சங்கப் பணத்தில் கணக்குப் பிழையைக் கண்டவர், விழாக்குழுவில் பெண்களுக்குப் பேச இடமளிக்காததைக் கண்டவர், உட்சாதி பார்த்துப் பந்தியில் ஒதுங்குவோரைக் கண்டவர், 'நான் பேசுகிற ஆள் அல்லேன்' என்று சொல்லித் தப்பவியலாது. கோசலத்துப் பிக்குகளுக்குச் சொன்னது இவர்க்கும் பொருந்தும்.

இனி நம் சங்கங்கள் செய்யத்தக்க சிலவற்றைக் கூறுகிறோம். ஞாயிறு வகுப்பில் பாடம் வாசித்து முடிந்தவுடன் பேச அழைக்காமல், ஐந்து நிமிஷம் எல்லாரும் வாளா அமர்ந்திருக்கலாம். எண்ணி முடித்துப் பேசுவோர்க்கு அந்த ஐந்து நிமிஷம் பெரிய உதவி. பின்னர் வயதில் இளையவரிலிருந்து தொடங்கி வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். சொல்ல ஒன்றுமில்லை என்பவரை வற்புறுத்தலாகாது. எழுதித் தர விரும்புவோர் எழுதித் தரட்டும். செயலாளர் அதை வாசிக்கட்டும். நூலகம், கணக்கு, நோயாளரைச் சென்று காணுதல் ஆகிய மூன்றையும் பொறுமையுள்ளோரிடம் ஒப்படைக்கலாம். கவனிப்பாரற்றுக் கிடந்த நோயுற்ற பிக்குவைப் பகவானும் ஆனந்தரும் தம் கையால் நீராட்டிப் படுக்கவைத்த வரலாற்றில் நீண்ட உபதேசம் பின்னால்தான் வருகிறது. நீராட்டல் முன்னால் நடந்துவிடுகிறது. வாய் பேசாத பிள்ளையைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, 'பேசு, பேசு' என்று விரட்டும் வழக்கத்தை அடியோடு விடவேண்டும்; நம் பாட்டன்மாரை 'பேசாதே' என்று விரட்டியதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. அப்பிள்ளையிடம் ஒரு சுத்தத்தைக் கொடுத்து, அடுத்த வாரம் அதில் ஒரு கேள்வி எழுதி வா என்றால் போதும்.

பவாரணை பிக்குகளுக்கு உரியது. இல்லறத்தார்க்கு அவ்விதி இல்லை. எனினும் மழைக்காலம் முடியும் அந்தப் பௌர்ணமியன்று சங்க உறுப்பினர் வட்டமாக அமர்ந்து, தலைவர் முதலாகப் பதவியில் உள்ளோர், எங்கள் நடத்தையில் கண்ட குறை யாது என்று மற்றவரைக் கேட்கலாம். பின்வரிசையில் இருப்பவரை அன்று முதலில் கேட்க வேண்டும். அவர் பேசுகையில் எவரும் குறுக்கிடலாகாது. முடித்துவிட்டார் என்று தோன்றினாலும், பத்து எண்ணும் அளவு பொறுத்திருந்து அதன்பின் விடை கூறலாம்.